பசுமைக்குடில் தக்காளியில் ஊசிப்புழு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் குடிலுக்குள் நுழைந்ததும், வெளுத்த திட்டு விழுந்த ஒரு தக்காளி இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் மட்டும் நிற்க, நடுவே பச்சை தின்னப்பட்ட இடம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரித் தெரியும். அந்தத் திட்டின் ஒரு பக்கத்தில் கறுப்புப் பொடி ஒதுங்கிக் கிடக்கும். அது புழுவின் எச்சம். இன்னொரு பக்கத்தில் அரை அரிசி நீளத்துக்கு ஏதோ ஒன்று மெல்ல நெளியும். அதுதான் ஊசிப்புழு. இலைக்குள் கூடம் கட்டிக் குடியிருக்கும் அந்தப் புழு வெளியே வந்தால், சாம்பல் நிறத்தில் சின்னதாக ஓர் அந்துப்பூச்சி.

குடிலில் முதல் தடவை தக்காளி போடுகிறவர்கள் வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் தயாராக இருப்பார்கள். இதற்குத் தயாராக இருப்பவர்கள் குறைவு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தப் பூச்சியிடம் மருந்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கதவு, கண், பொறி மூன்றையும் சரியாக வைத்தால் மருந்துக்கு வேலை குறையும். அவற்றை விட்டுவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது.

எங்கிருந்து வந்தது

இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. பெரு நாட்டில் கிடைத்த பூச்சியை வைத்து 1917இல் மெய்ரிக் என்ற பூச்சியியலாளர் இதை முதலில் விவரித்தார். பல காலம் அந்தக் கண்டத்தோடு இருந்த பூச்சி 2006இல் ஸ்பெயினில் தென்பட்டது. அங்கிருந்து சில வருஷங்களில் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் பரவியது. 2014இல் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கண்டறிந்தார்கள். அப்புறம் தமிழ்நாட்டுத் தக்காளி வயல்களுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. டூட்டா அப்சலூட்டா என்பதுதான் பழகிப்போன அறிவியல் பெயர். இப்போது பைதோரிமேயா அப்சலூட்டா என்று மாற்றியிருக்கிறார்கள். பொறியில் வைக்க அந்துவை இழுக்கும் வாசனைக் குப்பி ஒன்று வேண்டும், அதன் பெயர் லூர். கடையில் "டூட்டா லூர்" என்றே கேளுங்கள். வெறுமனே "தக்காளிப் புழுவுக்கு லூர்" என்றால் பச்சைக் காய்ப்புழுவுக்கானதைக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஊசிப்புழு அந்து ஒன்றுகூட விழாது, குடில் சுத்தமாக இருப்பதாக நீங்களும் நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

திறந்த வயலில் மழை அடித்து முட்டையைக் கழுவும், காற்று அந்துப்பூச்சியை அலைக்கழிக்கும், எறும்பும் சிலந்தியும் குளவியும் கொஞ்சம் தின்னும். குடிலுக்குள் இவை எதுவும் இல்லை. நாம் செடிக்காக உண்டாக்கித் தரும் இதமான சூடு பூச்சிக்கும் இதமாகவே இருக்கிறது. முட்டையிலிருந்து மறுபடி அந்துப்பூச்சியாவதற்கு 14 டிகிரி குளிரில் சுமார் 76 நாள் ஆகும். 20 டிகிரியில் 40 நாள். 27 டிகிரியில் 24 நாள் போதும். ஒரு பெண் அந்து 260 முட்டை வரை இடக்கூடியது. தக்காளி ஆறேழு மாதம் நிற்கும் குடிலில் இது எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடையாளம் காண்பது

முதலில் இதைச் சரியாகப் பழகிக்கொள்ள வேண்டும். தப்பாக அடையாளம் கண்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத மருந்தை அடித்துப் பதினைந்து நாளைத் தொலைப்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்துப்பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம். வெள்ளி கலந்த சாம்பல் நிறம், முன்சிறகில் கறுப்புப் புள்ளிகள். பின்னோக்கி மடங்கிய நீளமான உணர்கொம்பு மணிகோத்த மாதிரி இருக்கும். பகலில் இலைகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும். விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் பறக்கும். நண்பகலில் குடிலைச் சுற்றி வந்துவிட்டு "பூச்சியே இல்லை" என்று சொல்வதில் பொருளில்லை. செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள், இருந்தால் எழும்பிக் கொஞ்ச தூரம் பறந்து மறுபடி இலைக்கடியில் போய் உட்காரும்.

முட்டையைத் தனித்தனியாக, பெரும்பாலும் இளம் இலையின் அடிப்பக்கத்தில் இடும். தண்டிலும் காய்க் காம்பின் புல்லிவட்டத்திலும்கூட இடும். ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. வெண்மஞ்சள் நிறம். கைலென்ஸ் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

புழு பொரிந்ததும் இலையைத் துளைத்து உள்ளே போய்விடும். தொடக்கத்தில் வெளிர் நிறம், கறுத்த தலை. வளர வளரப் பச்சையாகி, கடைசிப் பருவத்தில் முதுகில் இளஞ்சிவப்பு ஏறும். அப்போது 8 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருக்கும். தலைக்குப் பின்னால் மெல்லிய கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும், அதை லென்ஸில் பார்த்துப் பழகுங்கள்.

குழப்பம் வருவது இலைத்துளைப்பான் ஈயோடுதான். அந்த ஈயின் புழு இலையில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி, கோலக்கோடு இழுத்த மாதிரி, வளைந்து வளைந்து மெல்லிய வெள்ளைக் கோடு போடும். ஊசிப்புழு போடுவது கோடு அல்ல, திட்டு. ஒழுங்கற்ற வடிவத்தில் அகலமாக விரிந்து, பிறகு காய்ந்து பழுப்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் இலையைக் கிழித்துப் புழுவை வெளியே எடுங்கள். ஈயின் புழுவுக்குக் காலும் கிடையாது, தனியாகத் தெரிகிற தலையும் கிடையாது, மஞ்சளாக வழவழவென்று இருக்கும். ஊசிப்புழுவுக்குக் கறுத்த தலையும் கால்களும் இருக்கும், தொட்டால் துடித்து நகரும்.

காயில் வரும் சேதத்தைப் பச்சைக் காய்ப்புழுவோடு குழப்பிக்கொள்வார்கள். காய்ப்புழு பெரிதாக, வட்டமாக ஓட்டை போட்டு, உடம்பில் பாதியை வெளியே விட்டுக்கொண்டு தின்னும். ஊசிப்புழு போட்ட ஓட்டை குண்டூசி குத்திய அளவுதான். பெரும்பாலும் காம்புக்குப் பக்கத்தில், புல்லிவட்டத்துக்கு அடியில் இருக்கும். மேலே பார்த்தால் காய் நன்றாகவே இருக்கும், புல்லிவட்டத்தைத் தூக்கினால்தான் கறுப்பு எச்சம் தெரியும். அந்த ஓட்டை வழியாக அழுகல் புகுந்து இரண்டு மூன்று நாளில் ஒரு கிரேட்டையே நாசம் செய்துவிடும். தளிர் நுனிக்குள்ளும் புழு புகும். வளர்நுனி வாடித் தொங்கினால் அதையும் பிளந்து பாருங்கள்.

நடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

பக்கவாட்டில் கட்டும் பூச்சித்தடுப்பு வலை 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண், இருந்தால் இந்த அந்து உள்ளே வராது. வெள்ளை ஈயையும் இலைப்பேனையும் நினைத்து அதைவிட நெருக்கமான வலை போடுவார்கள், அது காற்றோட்டத்தைக் குறைத்துச் சூட்டை ஏற்றும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வலையின் கண்ணைவிட முக்கியமானது வலையின் கிழிசல். எலி கடித்த இடம், கம்பி குத்திய இடம், கூரை ஷீட்டும் வலையும் சேரும் இடத்தில் கிளிப் கழன்று நிற்கும் இடம் என்று நாலு பக்கமும் ஒருநாள் முழுக்கச் சுற்றிப் பார்த்துத் தைத்துவிடுங்கள். மேலே காற்றுவழி திறந்திருந்தால் அதற்கும் வலை வேண்டும்.

கதவு இரட்டைக் கதவாக இருக்கட்டும். நடுவில் ஓர் ஆள் நிற்குமளவு சின்ன அறை, ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். கேட்க எளிது, கடைப்பிடிப்பதுதான் சிரமம். அறுவடை நாளில் கிரேட் தூக்குகிறவர்கள் இரண்டையும் திறந்தே வைத்துவிடுவார்கள். அதனால் அறுவடையைச் சாயங்காலத்தில் வைக்காதீர்கள். அந்து பறக்கும் நேரமும் அதுதான். வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டிக்குப் போய்த் திரும்பும் கிரேட்டுகளை அப்படியே குடிலுக்குள் கொண்டுபோகாதீர்கள். கூட்டுப்புழு கிரேட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு வரும். வெளியிலேயே கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு உள்ளே எடுங்கள். உள்ளுக்கென்று தனி நிறத்தில் ஒரு செட் கிரேட் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாற்றை வண்டியிலிருந்து இறக்கும் முன் பாருங்கள். கால் ஏக்கர் குடிலுக்கு ஏறக்குறைய 2,500 நாற்று வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் வேலை என்று தோன்றும். ஒவ்வொரு குழித்தட்டையும் கையில் எடுத்து, கண் மட்டத்துக்கு மேலே தூக்கி, கீழிலிருந்து இலைகளைப் பாருங்கள், தட்டுக்கு அரை நிமிஷம் போதும். திட்டு உள்ள ஒரு நாற்று இருந்தாலும் அந்தத் தட்டையே ஏற்காதீர்கள். ஒரு வருஷம் அவசரத்தில் பார்க்காமல் இறக்கிவிட்டேன். நட்டு மூன்றாம் வாரம் குடிலின் ஒரு மூலையில் மட்டும் வரிசையாக இலைகள் வெளுத்தன. அந்த மூலையில் நட்டது எந்தத் தட்டு நாற்று என்பதுகூட நினைவுக்கு வந்தது. அந்தப் பருவம் முழுக்க அந்த மூலையோடுதான் போராட்டம்.

குடிலைச் சுற்றி உள்ள களையையும் விட்டுவைக்காதீர்கள். மணத்தக்காளி, ஊமத்தை இரண்டிலும் இந்தப் பூச்சி உயிர்வாழும். கத்தரியும் உருளைக்கிழங்கும் அப்படியே. மணத்தக்காளிக் கீரை நமக்குப் பிடித்ததுதான், ஆனால் குடில் ஓரத்தில் வேண்டாம்.

பொறி வைப்பது

இனக்கவர்ச்சிப் பொறியை நாற்று நடுகிற அன்றைக்கே, முடிந்தால் அதற்கும் முன்பே வையுங்கள். லூரில் இருப்பது பெண் அந்துவின் வாசனை. ஆண் அந்து மட்டும்தான் வந்து விழும். அடியில் ஒட்டும் தாள் உள்ள முக்கோணப் பொறியும் கிடைக்கிறது. குடிலுக்குள் எனக்குப் பிடித்தது தண்ணீர்ப் பொறி: அகலமான பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, தண்ணீருக்கு நாலு விரல்கடை மேலே கம்பியில் லூர். தூசி படிந்து ஒட்டும் தாள் வீணாகும் பிரச்சினை இதில் இல்லை. செலவும் குறைவு. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உயரமாகத் தொங்கவிடாதீர்கள். இந்த அந்து தாழ்வாகப் பறப்பது. தரையிலோ முழங்கால் உயரத்துக்குள்ளோ வைத்தால்தான் நன்றாக விழும். லூரைக் கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். மருந்து தொட்ட கை அதன் வாசனையைக் கெடுக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், கோடையில் நாலு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். மாற்றிய தேதியைப் பொறியிலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். மிச்சம் உள்ள லூர்களை உறையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய லூரைக் குடிலுக்குள் கீழே போட்டுவிடாதீர்கள்.

பூச்சி வந்திருக்கிறதா என்று அறிய மட்டும் என்றால் கால் ஏக்கர் குடிலுக்கு ஒன்று, கதவுப் பக்கமாக வைத்தால் போதும். பிடித்துக் குறைக்க வேண்டும் என்றால் ஏக்கருக்கு 8 முதல் 10 வரை, அதாவது கால் ஏக்கருக்கு இரண்டு மூன்று. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஆண்களைப் பிடிப்பதால் மட்டும் பூச்சி தீராது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். தப்பிய சில ஆண்களே போதும். ஆண் துணையில்லாமலேயே பெண் முட்டையிட்டு அது பொரிந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பொறியின் பெரிய பயன் எச்சரிக்கைதான். முதல் அந்து விழுந்த நாளைக் காலண்டரில் குறித்து, மறுநாளிலிருந்து இலைகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்குங்கள்.

விளக்குப் பொறியில் ஆண், பெண் இரண்டும் விழும். ஆனால் வலை கிழிந்த குடிலில் அதை எரிய விட்டால் வெளியில் இருப்பதையும் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். வெள்ளை ஈக்கு வைக்கும் மஞ்சள் ஒட்டும் அட்டையை இதற்கும் சேர்த்து நம்ப வேண்டாம்.

வாராந்திர வேலை

வாரத்தில் இரண்டு நாள், கைலென்ஸும் ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடங்கள். கதவுக்குப் பக்கத்து வரிசை, ஓர வரிசைகள், போன தடவை கண்ட இடம் ஆகியவற்றில் அதிக நேரம் நில்லுங்கள். திட்டு உள்ள இலையைக் கிள்ளி நேராகப் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். கண்ட செடிக்கு மேலே கயிற்றில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவைத்தால் அடுத்த தடவை தேட வேண்டியதில்லை.

அடியிலைகளைக் கழிக்கும் வேலை எப்படியும் வாராவாரம் இருக்கும். முற்றிய புழுக்கள் பெரும்பாலும் அந்த இலைகளில்தான் இருக்கும். கழித்ததைப் பாத்தியிலேயே போட்டுவிட்டால் புழு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். தொடங்கிய புதிதில் நான் கழித்த இலைகளைக் கதவுக்கு வெளியே குவித்து வைத்தேன், வெளியே போட்டாயிற்றே என்ற எண்ணம். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்தக் குவியலைக் காலால் தள்ளியபோது, காய்ந்த இலைகளுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னதாக எழும்பிப் பறந்தன. பறந்த இடத்திலிருந்து இரண்டடியில் கதவு. இப்போது கழித்ததெல்லாம் பைக்குள் போகிறது. கட்டிய பையை வெயிலில் சில நாள் கிடத்துகிறேன். உள்ளே ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்புறம்தான் எருக்குழிக்கு.

பாத்தியில் நிலப்போர்வை விரித்திருந்தால் அதன் மேல் உதிர்ந்து கிடப்பதையும் கூட்டி அள்ளுங்கள். தேவைக்கு மேல் தழைச்சத்து கொடுத்துச் செடியைக் கொழுக்கவிடாதீர்கள், அடர்ந்த இலைக்குள் புழுவைத் தேடுவது நமக்குத்தான் கஷ்டம்.

நன்மை செய்யும் உயிர்கள்

பொறியில் அந்து விழத் தொடங்கியதும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டைகளை வாராவாரம் கட்டலாம். இந்தக் குட்டிக் குளவி அந்துவின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும், முட்டை கறுத்துவிடும். கறுத்த முட்டையைக் கண்டால் அந்த இலையைக் கிள்ளாதீர்கள். அட்டையை வெயில் படாமல் இலைக்கடியில் கட்டுங்கள், எறும்பு ஏறாமல் பாருங்கள். அட்டை கட்டும் முன்னும் பின்னும் கடுமையான மருந்து அடித்தால் கட்டிய காசு வீண்.

நெசிடியோகோரிஸ் என்ற பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி நம் ஊர்த் தக்காளியில் தானாகவே வரும். ஊசிப்புழு முட்டையையும் சின்னப் புழுவையும் தின்னும். இரை தீர்ந்துபோனால் செடியின் தண்டையே குத்தி உறிஞ்சிப் பழுப்பு வளையம் உண்டாக்கும். ஊசிப்புழு இருக்கும்வரை நான் அதை ஒன்றும் செய்வதில்லை. வளையங்கள் அதிகமானால்தான் யோசிப்பேன்.

மருந்து

இலைக்குள் கூடம் கட்டியிருக்கும் புழுவின் மேல் நாம் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி படவே படாது. முட்டை பொரிந்து புழு இலைக்குள் நுழையும் அந்தக் கொஞ்ச நேரமும், ஓர் இலையை விட்டு வேறு இலைக்கு நகரும் நேரமும்தான் அது வெளியில் இருக்கிறது. அதனால் சீக்கிரம் தொடங்குவதும், இலையின் அடிப்பக்கம் நனைய அடிப்பதும்தான் முக்கியம். சாயங்காலம் அடியுங்கள்.

முதலில் மென்மையானவை. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. அல்லது கடையில் கிடைக்கும் அசாடிராக்டின் மருந்து. சின்னப் புழுக்களுக்குப் பி.டி. என்று சொல்லும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நன்றாகக் கேட்கும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், அதனாலும் சாயங்காலம்தான் சரி. மெட்டாரைசியம் பூஞ்சணம் மண்ணில் உள்ள கூட்டுப்புழுவுக்கு உதவும்.

இவற்றையும் மீறி ஏறினால்தான் ரசாயனம். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல், சயான்ட்ரனிலிப்ரோல், புளூபெண்டியமைடு மூன்றும் பெயர்தான் வேறு, வேலை செய்யும் விதம் ஒன்று. ஒன்று கேட்கவில்லை என்று அடுத்ததை வாங்கினால் அதே மருந்தை மறுபடி அடித்த மாதிரிதான். இத்தாலியில் இந்த வகை மருந்துகளுக்கு ஊசிப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றது பதிவாகியிருக்கிறது. ஸ்பைனோசாடும் ஸ்பைனெட்டோரமும் வேறு ஒரு வகை. இண்டாக்சாகார்ப் மூன்றாவது வகை. ஒரு தலைமுறைக் காலத்துக்கு, நம் குடில் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு, ஒரு வகையோடு நிறுத்துங்கள். அடுத்த மாதம் வேறு வகைக்குப் போங்கள். கடைக்காரர் சொல்லும் வணிகப் பெயரைக் கேட்டு வாங்காமல், லேபிளில் உள்ள மூல மருந்தின் பெயரைப் படித்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அளவும், அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதே லேபிளில் இருக்கும். லேபிளில் தக்காளி இல்லாத மருந்தைத் தொடாதீர்கள், சந்தேகம் என்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது, பைரித்ராய்டு வகையை வாராவாரம் அடிப்பது இரண்டும் வேண்டாம். நன்மை செய்யும் பூச்சிதான் முதலில் சாகும்.

மூடிய குடிலுக்குள் மருந்துப் புகை தங்கும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள். தனியாக ஒருவரை விட்டு அடிக்கச் சொல்லாதீர்கள். அடித்த பிறகு காற்றோட்டம் விட்டு, இலை நன்றாகக் காய்ந்து, லேபிளில் உள்ள நேரம் கழிந்த பிறகே வேலையாட்கள் உள்ளே போக வேண்டும். பூச்சியைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

பயிர் முடிந்த பிறகு

கடைசி அறுவடையில் விலை இறங்கியிருந்தால் செடியை அப்படியே காயவிட்டுவிடத் தோன்றும். அடுத்த பயிருக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. கதவுகளை மூடிய நிலையிலேயே செடிகளைப் பிடுங்கி, உள்ளேயே பையில் அடைத்து வெளியேற்றுங்கள். உதிர்ந்த காயையும் பொறுக்குங்கள், காய்க்குள்ளும் புழு இருக்கும். பிறகு மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை இறுக்கமாக விரித்து, நாலு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். சித்திரை வெயில் இதற்கு மிகவும் நல்லது. தக்காளிக்கும் தக்காளிக்கும் நடுவே குறைந்தது ஆறு வாரம் இடைவெளி வேண்டும். பெண் அந்து பத்துப் பதினைந்து நாள்தான் உயிரோடிருக்கும். வெளிவந்து தேடினாலும் முட்டையிட இலை கிடைக்காது. நடுவில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் வெள்ளரி போடுங்கள், கத்தரி வேண்டாம்.

இந்த இடைவெளி முழுக்கப் பொறியை எடுக்காதீர்கள். காலிக் குடிலில் புதிய லூரோடு அது இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு வாரம் ஒன்றுகூட விழாமல் தண்ணீர் வெறுமனே கிடந்தால், நாற்றுக்குச் சொல்லிவிடலாம்.